நாலு நாள் மாத்திரை

என் வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக்குக்கூடப் படித்துவிட்டுப் போகிறவர். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ரொம்ப வருடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அனந்தராமன் என்றால் மயிலாப்பூரில் ஒரு தலைமுறைக்கே கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம், அப்புறம் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்து வருடம் டியூஷன். காப்பியடித்தவனின் பேப்பரைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்து வெளியே அனுப்புவார். டியூஷனையும் நிறுத்திய பிறகு பரீட்சை வைக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் தானே எழுத ஆரம்பித்தார். வருடத்துக்கு இரண்டு தடவை முழு உடல் பரிசோதனை. சர்க்கரை பார்க்கப் போகிறார்கள் என்றால் பத்து நாள் முன்னாலேயே சாதம் பாதியாகிவிடும். கொலஸ்ட்ரால் என்றால் வீட்டில் நெய் வாசனையே வரக் கூடாது. ஒரு தடவை அதில் பத்துப் புள்ளி கூடிவிட்டது என்று பால், தயிர் இரண்டையும் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான், காபிகூடப் பால் விடாமல்தான். ஆறு வருடமாக ரசம் சாதத்தோடு இலையை மடித்துவிடுவார். மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சராசரி போட்டுக் காட்டுகிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதன் மேல் மட்டும் அவருக்குத் தீராத கோபம்.

"அது ஃபேர் இல்லை, மணி. போர்ஷன் சொல்லாம வைக்கற சர்ப்ரைஸ் டெஸ்ட்" என்பார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் இல்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் ஐந்தாறு பேர் சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் ரிப்போர்ட்டைப் படிப்பார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கோதண்டபாணி என்பவர்தான் அங்கே முதல் ரேங்க். அவருக்கு வைட்டமின் டி நாற்பத்திரண்டு என்று வந்த அன்றைக்கு, இருபத்தாறு வாங்கிய என் வீட்டுக்காரர் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்பது வயது ஆண்பிள்ளை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சூடாமணி. டெலிபோன் இலாகாவில் புகார்ப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை. லைன் செத்துவிட்டது என்று கத்துகிறவர்களில் யார் பொய் சொல்கிறார்கள் என்று குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் காது வீட்டிலும் நன்றாகத்தான் வேலை செய்தது. வாய்தான் வேலை செய்யவில்லை.

போன தை மாதம் அவருக்கு வாயெல்லாம் புண். ஆறினால் காய்ச்சல், காய்ச்சல் விட்டால் சளி, சளி போனால் மறுபடி புண். நடையும் ஒரு மாதிரி ஆயிற்று. லஸ் முனையில் ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு நின்றார். மற்றது பத்தடி பின்னால் கிடந்தது.

"கழண்டது கூடவா தெரியலை?" என்றேன்.

"மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்கு. சுகமாத்தான் இருக்கு" என்றார்.

மந்தைவெளியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மாளவிகாவிடம் அழைத்துப் போனேன். அவள் அவரிடம் கணக்குப் படித்த பெண். இன்றைக்கும் அவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பாள். அவள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள்: வெள்ளை அணுக்கள், சிவப்பு அணுக்கள், பி12.

வீட்டுக்கு வந்ததும் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டியலில் ஒவ்வொன்றையும் தேடிப் படித்தார். சாயங்காலம் அலமாரியைத் திறந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். எங்கள் பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா இரண்டு வருடம் முன்னால் டல்லாஸிலிருந்து கொண்டுவந்தது. பி12 மாத்திரை, இருநூற்றைம்பது. "சைவம் சாப்பிடறவாளுக்கு இது அவசியம்ப்பா, தெனம் ஒண்ணு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். இவர் சீலைக்கூட உடைக்கவில்லை. தினம் மாத்திரை போட்டால் உடம்பு சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் நெஞ்சு கரிக்கிறது என்று பத்து வருடமாக காலையில் ஒரு அசிடிட்டி மாத்திரை போடுகிறவர். அது கணக்கில் சேராதாம்.

இப்போது சீலை உடைத்தார். சனிக்கிழமை ரத்தம் எடுக்க வருகிறார்கள். செவ்வாயிலிருந்து தினம் இரண்டு.

"ஏன்னா, உடம்புல என்ன இருக்குன்னு பாக்கத்தானே டெஸ்ட்? இப்போ முழுங்கினா எப்படித் தெரியும்?" என்றேன்.

"பரீட்சைக்கு நாலு நாள் முன்னாடி பசங்களைப் படிக்காதேன்னா சொல்றோம்?"

"நீங்க பண்றது படிக்கறதில்லை. பிட் அடிக்கறது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நானே மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யார் எத்தனை நாள் இருப்பது?

சனிக்கிழமை ஆறரை மணிக்கு பிரிஸில்லா வந்தாள். சாந்தோம் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பேட்டையில் ஒரு சின்ன லேபில் இருபது வருடமாக இருக்கிறாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதும் அவள்தான், திரும்பிப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் அவள்தான். ஊசி குத்தியதே தெரியாது.

"சார், ரெகுலரா என்ன மாத்திரை போடுறீங்க? வைட்டமின், சத்து ஊசி, அந்த மாதிரி ஏதாச்சும்?" என்று கேட்டபடி படிவத்தில் பேனாவை வைத்தாள்.

"அசிடிட்டிக்கு ஒண்ணு. வேற ஒண்ணும் கிடையாது" என்றார் அவர். சொல்லிவிட்டு அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார்.

"மாமி?"

"ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் நாலாயிரமாவது இருக்க வேண்டும், இரண்டாயிரத்து நானூறு இருந்தது. பி12 எழுநூற்று எண்பது. இருநூறு இருந்தாலே பாஸாம். சிவப்புப் பேனாவை எடுத்து எழுநூற்று எண்பதைச் சுற்றி வட்டம் போட்டார். இரண்டாயிரத்து நானூறு அவர் கண்ணிலேயே படவில்லை. இதில் என் பங்கும் உண்டு. மாம்பலத்தில் இருக்கும் என் தங்கைக்கு போன் போட்டு, "இவருக்கு பி12 எழுநூத்தி எண்பதாம்டீ" என்று நானும்தான் பீற்றிக்கொண்டேன்.

மத்தியானம் பிரிஸில்லா போன் செய்தாள்.

"மாமி, நான் சொல்லக் கூடாது, ஆனா மனசு கேக்கல. சாரோட ஸ்லைடை நானே உக்காந்து பாத்தேன். வெள்ளை அணு நடுவுல கரு இருக்கும்ல, சாதாரணமா அது மூணு நாலு துண்டாத்தான் இருக்கும். சாருக்கு ஆறு, ஏழு துண்டு இருக்கு. பி12 இல்லாதவங்களுக்குத்தான் அப்படி வரும். நம்பர் என்னடான்னா எழுநூத்தி எண்பதுன்னு வந்திருக்கு. ரெண்டும் ஒட்டவே இல்ல. சார் மாத்திரை ஏதாவது போட்டாரா மாமி?"

அவர் எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் அசையவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இல்லையேம்மா" என்றேன்.

"சரி மாமி. ரிப்போர்ட்ல ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கேன். டாக்டர்கிட்ட அதை மறக்காம காட்டுங்க."

ரெண்டாவது பக்கம் ஃபைலுக்குள் போயிற்று. டாக்டரிடம் முதல் பக்கம் மட்டும் போயிற்று. நம்பர் இருக்கும்போது கதை எதற்கு என்றார்.

மாளவிகா முதல் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "பி12 கம்மியா இருக்கும்னுதான் சார் நினைச்சேன். நீங்க சொன்ன வாய்ப்புண், கால் மரமரப்பு, எல்லாமே அதுக்குத்தான் ஒத்துப்போகுது. மாத்திரை ஏதாவது எடுத்துண்டு இருக்கீங்களா? நடுவுல எப்பவாவது?"

"இல்லை."

"கேக்க வேண்டிய கடமைக்குக் கேட்டேன் சார்" என்று சிரித்தாள். என் பக்கம் திரும்பினாள். "காப்பியடிச்சா பேப்பரைக் கிழிக்கறவர்கிட்ட போய் நான் இதைக் கேக்கறேன் பாருங்க மாமி."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் பெண்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது, வெளி மனிதர்கள் முன்னால் அகமுடையானை விட்டுக்கொடுக்காதே என்பதுதான். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பாத்திரத்தைக்கூட எறியலாம். வாசலைத் தாண்டினால் அவர் சொன்னதுதான் வேதம். அதிலும் அவரிடம் படித்த பெண் முன்னால்! என் அம்மா அப்படித்தான் இருந்தாள், என் தங்கையும் அப்படித்தான். நல்ல குடும்பம் என்று பெயர் வாங்கினோம். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

பங்குனியில் மறுபடி டெஸ்ட். மறுபடி நாலு நாள், எட்டு மாத்திரை. மறுபடி பிரிஸில்லா கேட்டாள், மறுபடி இல்லை. அந்தத் தடவை அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புகார்ப் பிரிவில் பொய்க் குரல் கேட்டால் என் முகத்தில் வந்த பார்வை அது. வெள்ளை அணுக்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். பி12 எண்ணூற்று முப்பது.

"அம்பது மார்க் ஏறியிருக்கு" என்றார் அவர். பூங்காவுக்கு எடுத்துப் போய்க் கோதண்டபாணியிடம் காட்டினார். கோதண்டபாணிக்கு முந்நூற்றுச் சொச்சம்தானாம். அன்றைக்குப் பூங்காவிலிருந்து வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். படியேறும்போது தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாளவிகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாத்திரையைப் பற்றி மறுபடி கேட்டாள், இரண்டு பேரும் இல்லை என்றோம். "பி12 இல்லைன்னு ஆயிடுத்து. அப்போ வேற ஏதோ பெரிசா இருக்கலாம். எலும்பு மஜ்ஜையிலேருந்து கொஞ்சம் எடுத்துப் பாத்துடலாம் சார். தள்ளிப்போடாதீங்க. வெள்ளை அணு இவ்வளவு கம்மியா இருந்தா ஒரு சின்னப் புண்ணைக்கூட உடம்பால சமாளிக்க முடியாது."

வெளியே ஆட்டோவில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மஜ்ஜை டெஸ்டுக்கு எப்படி ப்ரிப்பேர் பண்றது?"

அதற்குத் தயார் செய்ய வழி இல்லை என்று கம்ப்யூட்டரில் படித்துத் தெரிந்துகொண்டார். பங்குனி உற்சவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்.

"அவ தள்ளாதீங்கோன்னு சொன்னாளே" என்றேன்.

"அறுபத்து மூவரைப் பாக்காம ஒரு வருஷமாவது இருந்திருக்கேனா? பத்து நாள்ல என்ன ஆயிடப் போறது?"

அறுபத்து மூவர் ஊர்வலத்தன்று மாட வீதிகளில் எள் போட்டால் எள் விழாது. நீர்மோர், சுண்டல், சர்பத் என்று நாலடிக்கு ஒரு பந்தல். என் வீட்டுக்காரர் அந்த நாள் மட்டும் செருப்புப் போட மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினவர் எட்டு மணிக்குச் சட்டையெல்லாம் வியர்வையாக, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. காலைக் கழுவினேன் பேர்வழி என்று இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் வீடு துடைக்க வந்த முனியம்மாள் கூடத்தில் நின்று கத்தினாள்.

"எம்மா, இங்க வந்து பாரு! தரையெல்லாம் ரத்தமா கீது. யாருக்கு இன்னா ஆச்சு?"

படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து ஊஞ்சலுக்கு, வரிசையாக ஒரு குதிகாலின் அடையாளம். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு ரத்தம்?" என்று அவரே கேட்டார்.

முனியம்மாள் குனிந்து அவர் வலது காலைத் தூக்கினாள். குதிகாலில் கட்டை விரல் நகம் அளவுக்குக் கண்ணாடிச் சில்லு. ராத்திரி முழுவதும் அது உள்ளேயே இருந்திருக்கிறது.

"இன்னா சாரே, இம்மாம் பெரிசு குத்திக்கினு கீது, வலிக்கலயா?"

"இல்லையே" என்றார் அவர். அவர் சொன்ன இல்லைகளில் அது ஒன்றுதான் நிஜம்.

பக்கத்து நர்சிங் ஹோமில் சில்லை எடுத்து, தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கால் முழங்கால் வரை வீங்கிச் சிவந்தது. நாலாம் நாள் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், பேச்சில் குழறல். அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளை அணுக்கள் ஆயிரத்து நூறு. மாளவிகாவும் அங்கே போய்ப் பார்க்கிற டாக்டர்தான். அவள் யாரையும் கேட்கவில்லை, அன்றைக்கே மஜ்ஜையை எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவர் உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். கண்ணைக் காட்ட ஆள் இல்லை.

"மாமி, மஜ்ஜையைப் பாத்தா சுத்தமா பி12 பட்டினி. வருஷக்கணக்கா இருந்திருக்கு. ஆனா ரத்தத்துல ரெண்டு தடவை எண்ணூறு காட்டியிருக்கு. எனக்குப் புரியலை. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

சொன்னேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பாட்டில், தினம் இரண்டு, ரெண்டாவது பக்கம், பிரிஸில்லாவின் போன், எல்லாம்.

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு தடவை கேட்டேனே மாமி" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு டாக்டராகப் பேசினாள். எலும்புக்குள் மஜ்ஜையில் தினமும் கோடிக்கணக்கில் வெள்ளை அணுக்கள் புதிதாக உண்டாக வேண்டுமாம். ஒவ்வொரு அணுவும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் கருவை நகல் எடுத்தாக வேண்டும். அதற்கு பி12 வேண்டும். இல்லாவிட்டால் நகல் பாதியில் நின்றுபோகும். அணுக்கள் கோணலாக வளர்ந்து, பாதிக்கு மேல் மஜ்ஜைக்குள்ளேயே செத்துப்போகும். வெளியே வருகிற சொச்சம் கிருமியோடு சண்டை போடப் போதாது. நரம்பின் மேலுறைக்கும் அதே வைட்டமின்தான். அதனால்தான் கால் மரத்தது, சில்லு குத்தியது தெரியவில்லை. சைவச் சாப்பாட்டில் பி12 கிடைப்பதே பால், தயிரில்தான், அதையும் நிறுத்தினார். அசிடிட்டி மாத்திரை, இருந்த கொஞ்சத்தையும் உடம்பில் சேரவிடவில்லை.

"நாலு நாள் மாத்திரை போட்டா ரத்தத்துல நம்பர் ஏறிடும் மாமி. உள்ள காஞ்சு கிடக்கறதுக்கு அது எந்த மூலைக்கு?"

தெருவில் தண்ணி லாரி நிற்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் குடமெல்லாம் நிறைந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம், அவரும் நானும்.

"தினம் ஒண்ணு போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பி12 ஊசி ஆரம்பித்தார்கள். நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்தப் பாட்டிலைக் கட்டிலில் கொட்டி எண்ணினேன். இருநூற்று முப்பத்து நாலு இருந்தது. அவருடைய கால் இரண்டு வருடமாக எங்கள் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

ஊசி வேலை செய்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறியது. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து எண்ணூறு. ஆனால் காலில் ஏறிய விஷம் அதைவிட வேகமாக ஏறியது. காத்திருந்தால் உயிர் போய்விடும் என்றார்கள். ஆறாம் நாள் காலையில் முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது நான். அன்றைய ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்து அறுநூறு. இன்னும் நாலு நாள் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால்கூட அந்தக் கால் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாளவிகா அப்படியெல்லாம் சொல்ல முடியாது மாமி என்கிறாள். அவள் நல்ல பெண், அப்படித்தான் சொல்வாள்.

நினைவு வந்ததும் போர்வை தட்டையாக இருந்த இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. "சரி" என்றார். ஸ்ரீகிருஷ்ணா பறந்து வந்து பக்கத்தில் நின்று தேம்பினான், அதற்கும் அழவில்லை. நர்ஸுகள் எல்லாம் சார் எவ்வளவு தைரியம் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஆனியில் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊசிகள் முடிந்து, தினம் காலை ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை என்று மாளவிகா எழுதிக் கொடுத்தாள். அதே பாட்டில்தான். தினம் நானே எடுத்துக் கொடுக்கிறேன். டெஸ்டுக்கு பிரிஸில்லா வந்தாள். அவர் காலைப் பார்த்தாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், எழுதிக்கொண்டாள்.

ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் ஏழாயிரத்து இருநூறு. பி12 ஆயிரத்து நானூறு. அவர் சிவப்புப் பேனா கேட்டார்.

மறுநாள் காலை எட்டேமுக்காலுக்குக் கோதண்டபாணி பார்க்க வந்தார், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் இருந்த தாளை அவரிடம் நீட்டினார்.

"பாருங்கோ. பி12 ஆயிரத்து நானூறு."

கோதண்டபாணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அடேங்கப்பா! நம்ம குரூப்புல யாருக்கும் ஆயிரம் தாண்டினதே இல்ல சார். என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் கிடையாது" என்றார் என் வீட்டுக்காரர். "ஆத்துச் சாப்பாடுதான். இயற்கையாவே எனக்கு அப்படி."

சொல்லிவிட்டுக் கண்ணைக் காட்டினார்.

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அவர் கண்ணெதிரே, வெளி மனிதர் முன்னால் என் அகமுடையானை விட்டுக்கொடுத்தேன்.

"பொய்" என்றேன். "டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாடி மட்டும் மாத்திரை போட்டுண்டு உங்ககிட்ட மார்க் காட்டினார். ரெண்டு தடவை. டாக்டர் கேட்டப்போ இல்லேன்னார். நானும் இல்லேன்னேன். அதனாலதான் என்ன வியாதின்னே அவளால கண்டுபிடிக்க முடியலை. அதனாலதான் கால் போச்சு. அந்தப் பாட்டில் இந்த ஆத்துலதான் இருந்தது. தெனம் ஒண்ணு போட்டிருந்தா இன்னிக்கு உங்களோட பார்க்குல நடந்துண்டிருப்பார்."

கோதண்டபாணி தாளை மெதுவாக மடித்து டீப்பாயில் வைத்தார்.

"சார்," என்றார், என் வீட்டுக்காரரைப் பார்க்காமல். "அந்த வைட்டமின் டி நாப்பத்திரண்டு. நானும் டெஸ்டுக்கு முன்னாடி பவுடர் பாக்கெட் நாலு போட்டுத்தான் போனேன். உங்ககிட்ட சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் உட்காரவில்லை. செருப்பை மாட்டும்போது இரண்டு பாதத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தோள் குலுங்கியது.

"அவன் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம், மணி" என்றார். "வேற யார் முன்னாடி வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்."

கால் போனதற்கு அழாதவர் அதற்கு அழுதார். சத்தம் போட்டு, ஃபெயிலான பையன் மாதிரி அழுதார்.

நான் பக்கத்தில் போய்ச் சமாதானம் செய்யவில்லை. மணி ஒன்பதாகியிருந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு அவர் முன்னால் வைத்தேன்.